பின்கட்டிலிருந்து நடுவீட்டுக்கு வந்த அடுப்படி

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொல்லி வைத்தார்கள் முன்னோர்கள். பணமும் வங்கிக் கடனும் கைகொடுத்தால் வீடு எழும்பிவிடும். ஆனால், எழும்புகின்ற வீட்டில் சமையலறையை எங்கே வைப்பது, எப்படி வைப்பது என்ற கேள்வி வந்ததும் ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறைகள் மூன்று விதமாகப் பேசத் தொடங்கிவிடுகின்றன. பாட்டிக்கு அடுப்பு தென்கிழக்கு மூலையில் இருக்க வேண்டும். அம்மாவுக்குத் தாளிக்கும் நெடி கூடத்துக்கு வரக்கூடாது. மகளுக்கோ, சமையலறையின் நடுவில் நான்கு பக்கமும் சுற்றி வரக்கூடிய ஒரு கல்மேடை வேண்டும். ஆங்கிலத்தில் 'கிச்சன் ஐலண்ட்' என்று அழைக்கப்படும் இந்த நடுமேடை, இன்று பெரிய வீடு கட்டுவோரின் விருப்பப் பட்டியலில் முதல் வரிசைக்கு வந்துவிட்டது.

இது வெறும் நாகரிக மோகமா? அல்லது வீட்டுக்குள் மனிதர்களின் இடம் மாறியதற்கு அடையாளமா? விடை காண வேண்டுமானால் அடுப்படியின் வரலாற்றைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். அதற்கு ஸ்ரீ கெம்பாங்கானை விடப் பொருத்தமான ஊர் கிள்ளான் பள்ளத்தாக்கில் வேறு இருக்குமா என்பது ஐயமே. ஈயச் சுரங்கம், ரப்பர் தோட்டங்கள், அவசரகாலப் புதுக்கிராமம், விவசாயக் கல்லூரி, ஏரிக்கரைப் பங்களாக்கள் என்று மலேசியாவின் நூறாண்டு வாழ்க்கை முழுவதும் இந்தச் சிறு வட்டாரத்துக்குள் அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கிறது. ஒவ்வோர் அடுக்கிலும் ஓர் அடுப்பு எரிந்திருக்கிறது.

பின்கட்டு என்பது ஏன்?

சமையலறைக்குத் தமிழில் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. பழந்தமிழ் இலக்கியத்தில் அட்டில். கோயிலிலும் அரண்மனையிலும் மடைப்பள்ளி. வீட்டில் அடுக்களை, அடுப்படி. ஐரோப்பியர் வருகைக்குப் பின் வந்து ஒட்டிக்கொண்ட குசினி என்ற சொல் கடல் கடந்து மலாயாத் தோட்டங்கள் வரை வந்தது. பெயர் எதுவானாலும் இடம் மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான்: வீட்டின் கடைசி.

செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது தெளிவாகத் தெரியும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று நீண்டுகொண்டே போகும் வீட்டில் முன்பகுதி ஆண்களின் வணிகத்துக்கும் விருந்தினருக்கும் உரியது. சமையலும் பெண்களின் உழைப்பும் பின்கட்டில். மலாய்க்காரர்களின் பாரம்பரிய வீட்டிலும் 'ரூமா இபு' எனப்படும் தலைவீடு தனியாகவும் 'ரூமா டாப்பூர்' எனப்படும் சமையல் வீடு பின்னால் தனியாகவும் இருக்கும். இரண்டையும் 'செலாங்' என்ற இடைவழி இணைக்கும். சீனர்களின் கடைவீடுகளிலும் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் விடப்பட்ட திறந்த முற்றத்தைத் தாண்டி, பின்சந்தை ஒட்டித்தான் அடுப்பு.

மூன்று இனத்தாரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் இப்படிச் செய்யவில்லை. காரணம் நெருப்பு. விறகடுப்பின் பொறி ஓலைக் கூரையைத் தொட்டால் குடும்பமே தெருவுக்கு வந்துவிடும். புகை, கரி, நெடி, கழிவுநீர் ஆகியவையும் சேர்ந்தன. எனவே அடுப்பு பின்னால் போயிற்று. ஆனால் அடுப்போடு சேர்ந்து இன்னொன்றும் பின்னால் போனது: அதன் முன்னால் நின்றவர். புகையிலிருந்து வீட்டைக் காப்பாற்ற எழுப்பிய சுவர், சமைப்பவரைப் பேச்சிலிருந்தும் முடிவுகளிலிருந்தும் பிரித்து வைத்தது. காப்பி எப்போது வேண்டும் என்ற செய்தி மட்டுமே கூடத்திலிருந்து பின்கட்டுக்குப் போகும்.

லயத்து அடுப்பு

மலாயாவுக்குப் பிழைக்க வந்த தமிழருக்குப் பின்கட்டும் இல்லை, முன்கட்டும் இல்லை. தோட்டத்து லயங்களின் ஆரம்பகால வாழ்க்கை ஒற்றை அறைக்குள் அடங்கியது. அறைக்கு முன்னே ஒரு திண்ணை. மூன்று கல் கூட்டி அதன்மேல் சட்டி வைத்தால் அதுவே சமையலறை. பின்னாளில் லயங்களுக்குப் பின்னால் தகரக் கூரையோடு குசினிகள் தனியாக எழும்பின.

பொழுது விடிவதற்கு முன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். அதற்கு முன்பே எழுந்து அடுப்பு மூட்டிச் சோறு பொங்கி, தூக்குச் சட்டியில் அடைத்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்வாளியோடு மரம் வெட்டப் போன பெண்களின் உழைப்பில்தான் இந்நாட்டு ரப்பர் தொழில் நிலைபெற்றது. அவர்கள் நாளில் இரண்டு வேலை பார்த்தார்கள். கூலி ஒன்றுக்குத்தான் கிடைத்தது. அடுப்புக்கு எரிபொருளாக இருந்தது பெரும்பாலும் பால்மர விறகு. இந்த விறகு பின்னால் மீண்டும் வரும்.

தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்கான குறைந்தபட்சத் தரம் குறித்து 1966ஆம் ஆண்டில் ஒரு சட்டமும், பின்னர் 1990ஆம் ஆண்டில் அதற்குப் பதிலாக மற்றொரு சட்டமும் வந்தன. ஆனால் சட்டம் வீட்டைத் திருத்தி முடிப்பதற்குள் பல தோட்டங்களே இல்லாமற் போய்விட்டன. ஸ்ரீ கெம்பாங்கானுக்குத் தெற்கே இருந்த பெராங் பெசார் தோட்டம் இதற்குச் சான்று. முதல் உலகப் போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் வீரர்கள் 1921இல் தொடங்கிய தோட்டம் அது. பெயரின் பொருளே பெரும்போர் என்பதுதான். அந்த நிலத்தில் 1995இல் புத்ராஜெயாவின் கட்டுமானம் தொடங்கியது. அங்கும் அதைச் சுற்றியும் வாழ்ந்த தோட்டக் குடும்பங்கள் டிங்கிலில் உள்ள மலிவு விலை அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தன. கொல்லையும் கோழிக்கூடும் அம்மிக்கல்லும் இருந்த வாழ்க்கை, ஒருவர் நின்றால் மற்றொருவர் விலக வேண்டிய சமையலறைக்குள் சுருங்கியது.

அடுப்பைக் கண்டு அஞ்சிய அரசு

இன்று ஸ்ரீ கெம்பாங்கான் என்று அழைக்கப்படும் ஊரின் மையப் பகுதி, ஒரு காலத்தில் செர்டாங் புதுக்கிராமம். 1948இல் அவசரகாலம் பிரகடனமான பிறகு, காட்டோரங்களில் சிதறி வாழ்ந்த மக்கள் கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு உணவளிப்பதைத் தடுக்க, சர் ஹெரால்ட் பிரிக்ஸ் 1950இல் வகுத்த திட்டத்தின்படி நாடெங்கும் நூற்றுக்கணக்கான புதுக்கிராமங்கள் முள்வேலிக்குள் அமைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றுதான் செர்டாங். குடியேற்றப்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் சீனர்கள். தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்களும் வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டன.

அந்தக் காலகட்டத்தில் ஆயுதத்துக்கு அடுத்தபடியாக அரசு கண்காணித்த பொருள் அரிசி. பங்கீட்டு அளவுக்கு மேல் ஒருவர் வீட்டில் அரிசி இருக்கக்கூடாது. கடையில் விற்கும் டின் உணவுகளைச் சேமித்து வைக்க முடியாதபடி, விற்கும்போதே அவற்றில் துளையிட வேண்டும். கிராமத்தின் வாயிலில் ஒவ்வொருவரையும் சோதித்த பிறகே வேலைக்கு விட்டார்கள். வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டு போவதும் பல இடங்களில் தடை செய்யப்பட்டது. சில பகுதிகளில் இன்னும் ஒருபடி மேலே போய், வீட்டில் அரிசி வைத்திருப்பதையே தடுத்து, பொதுச் சமையற்கூடத்தில் சோறு வடித்து ஆளுக்கு அளந்து கொடுத்தார்கள். சமைக்காத அரிசி காட்டுக்குள் மாதக்கணக்கில் கெடாது. வடித்த சோறு மறுநாள் புளித்துவிடும் என்பதுதான் கணக்கு.

வீட்டு அடுப்பு ஓர் அரசையே அச்சுறுத்தக்கூடிய பொருள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 1960ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் தேதி அவசரகாலம் முடிவுக்கு வந்தது. தன் அரிசியைத் தன் வீட்டில் தன் விருப்பப்படி பொங்கிச் சாப்பிடுவது எத்தகைய சுதந்திரம் என்பதை அந்த வேலிக்குள் வாழ்ந்த தலைமுறை நன்றாக அறிந்திருந்தது.

மேலைநாட்டில் பிறந்த கேள்வி

இதே காலத்தில் உலகின் மறுபக்கத்தில் வேறொரு விவாதம் நடந்துகொண்டிருந்தது. சமைப்பவர் ஏன் இவ்வளவு நடக்கிறார், ஏன் இவ்வளவு குனிகிறார் என்பதே அந்த விவாதம்.

அமெரிக்காவில் கேத்தரின் பீச்சர் என்ற அம்மையார், தம் தங்கை ஹேரியட் பீச்சர் ஸ்டோவுடன் சேர்ந்து 1869இல் வெளியிட்ட நூலில், கப்பலின் சமையலறையைப் போல எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் அமைந்த அடுக்களையை வரைந்து காட்டினார். தொழிற்சாலையில் தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் அளந்த முறையை கிறிஸ்டின் பிரெட்ரிக் 1910களில் சமையலறைக்குக் கொண்டு வந்தார். பன்னிரண்டு பிள்ளைகளின் தாயும் பொறியியல் அறிஞருமான லில்லியன் கில்பிரெத் 1929இல் ஓர் எரிவாயு நிறுவனத்துக்காக மாதிரிச் சமையலறை ஒன்றை வடிவமைத்தார். மேடையின் உயரம் வேலை செய்பவரின் உடலுக்கேற்ப இருக்க வேண்டும் என்பது அவர் வற்புறுத்திய கொள்கை. அவர் வடிவமைப்பில் நகர்த்தக்கூடிய உருளும் வண்டி ஒன்றும் இருந்தது. இன்றைய நடுமேடைக்கு அதை ஒரு சின்னம்மா முறை என்று சொல்லலாம்.

ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் 1926இல் மார்கரெட் ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக்கலைஞர் வடிவமைத்த சமையலறைதான் நவீன 'கிச்சன் கேபினட்'டின் தாய். சுமார் 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். அதற்குள்ளேயே அடுப்பு, தொட்டி, மேடை, மாவுக்கும் அரிசிக்கும் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள். தொழிலாளர் குடியிருப்புகளில் சுமார் 10,000 வீடுகளுக்கு இது பொருத்தப்பட்டது. வேலைநேரம் குறைந்தது உண்மை. ஆனால் ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய அந்தச் சிறு அறை, சமையலைப் பெண்ணின் தனிமைச் சிறையாக்கியது என்று பிற்காலத்துப் பெண்ணியவாதிகள் குறை சொன்னார்கள். அதுவும் முற்றிலும் பொய்யில்லை.

சுவரை உடைக்கும் முயற்சி வேறு திசையிலிருந்து வந்தது. 1937இல் அமெரிக்காவின் மேடிசன் நகரில் கட்டி முடிக்கப்பட்ட ஜேக்கப்ஸ் இல்லத்தில் பிராங்க் லாயிட் ரைட், சமையலறையைக் கூடத்தோடும் உணவு மேசையோடும் திறந்து விட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பணியிடம்'. 1940களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் அடுப்பு, தொட்டி, குளிர்பதனப் பெட்டி மூன்றையும் இணைக்கும் 'வேலை முக்கோணம்' என்ற அளவுகோலைப் பரப்பினார்கள். 1982இல் ஜெர்மானிய வடிவமைப்பாளர் ஓட்டல் ஐஷர், புல்ட்ஹாப் நிறுவனத்துக்காக எழுதிய நூலில், சமையல்காரர்கள் சுற்றி நின்று வேலை செய்யும் நடுமேசையை வீட்டுக்குள் கொண்டு வர வேண்டும் என்று வாதிட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டு தனியாக நிற்பவர் திரும்பி நின்று, குடும்பத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சமைக்கட்டும் என்பதே அதன் சாரம்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். நடுமேசை என்பது புதுக் கண்டுபிடிப்பன்று. ஐரோப்பியப் பிரபுக்களின் மாளிகைகளில், எசமானர் எட்டிப்பார்க்காத பெரிய சமையற்கூடங்களின் நடுவில் அது எப்போதும் இருந்தது. அதைச் சுற்றி நின்றவர்கள் வேலைக்காரர்கள். கல்யாண வீட்டுக் கொட்டகையில் பலகை போட்டுச் சுற்றி உட்கார்ந்து காய் நறுக்கும் தமிழ்நாட்டு வழக்கமும் அதே வகைதான். வேலைக்காரர்களின் மேசை வீட்டுக்காரர்களின் பெருமையாக மாறியதுதான் நடுமேடையின் கதை.

விறகு போய் மரப்பலகை வந்தது

சுவரை இடிப்பது ஆசையால் மட்டும் நடக்காது. மலேசியாவில் அதற்கு முன் பல மாற்றங்கள் நடக்க வேண்டியிருந்தது. விறகும் கரியும் போய் மண்ணெண்ணெய் அடுப்பு வந்தது; அது போய் 14 கிலோ எரிவாயுத் தோம்பு வந்தது. குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் அறைக்குள் வந்தன. தரையில் இருந்த அம்மியும் ஆட்டுக்கல்லும் மின்விசையில் சுழலத் தொடங்கின. 1950களில் கோயம்புத்தூரில் உருவான 'வெட் கிரைண்டர்' இதில் பெரும் புரட்சி. உட்கார்ந்து ஆட்டிய மாவை நின்றுகொண்டே எடுக்கலாம் என்றானபோதுதான், அடுப்படி தரையிலிருந்து எழுந்து இடுப்பு உயரத்துக்கு வந்தது.

பால்மரத்தின் கதை இன்னும் சுவையானது. இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் பால் கொடுத்த பின் மரத்தை வெட்டி மறுநடவு செய்வார்கள். 1970கள் வரை அந்த மரத்துக்குப் பெரும்பாலும் விறகு என்ற மதிப்புதான். பூஞ்சணமும் வண்டும் எளிதில் பற்றிக்கொள்ளும் மரம் அது. மருந்தேற்றி உலர்த்தும் முறைகள் கைவந்த பிறகு, 1980களிலிருந்து அதே ரப்பர் மரம் மேசை நாற்காலிகளாக உலகச் சந்தைக்குப் போயிற்று. இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு பெரிய வீட்டின் நடுமேடைக்கு ரப்பர் மரப்பலகையால் கதவும் இழுப்பறையும் செய்கிறார்கள் என்றால், அந்த வீட்டுக்காரரின் பாட்டி வெட்டிய மரத்தின் வாரிசு உள்ளே வந்து நிற்கிறது என்று பொருள்.

ஊரும் மாறியது. ஸ்ரீ கெம்பாங்கானுக்கும் சுங்கை பெசிக்கும் இடையில் இருந்த ஹோங் பாட் ஈயச்சுரங்கம் உலகின் மிகப் பெரிய திறந்தவெளிச் சுரங்கங்களுள் ஒன்றாகப் பெயர் பெற்றிருந்தது. 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தபோது மலேசியாவின் சுரங்கத் தொழிலே ஆட்டம் கண்டது. தோண்டிய பள்ளத்தில் நீர் நிறைந்து ஏரியாயிற்று. 1990களில் அதன் கரையில் மைன்ஸ் உல்லாச நகரம் எழுந்தது; ஓட்டல்களும், படகு ஓடும் கால்வாயைக் கொண்ட பேரங்காடியும், ஏரியைப் பார்த்த பங்களாக்களும் வந்தன. கூலிகள் மண் சுமந்த பள்ளத்தின் கரையில் இன்று கல்மேடைகளுக்கு அளவெடுக்கிறார்கள்.

இரண்டு சமையலறைகள்

இங்குதான் மலேசிய வீட்டின் தனித்தன்மை வெளிப்படுகிறது. மேலைநாட்டுக்காரர் ஒரு சமையலறையைத் திறந்து விட்டார். மலேசியர் இரண்டு கட்டிக்கொண்டார்: உலர் சமையலறை, ஈரச் சமையலறை. நடுமேடை, காப்பி இயந்திரம், பழத்தட்டு ஆகியவை உலர் சமையலறையில். கருவாடு பொரிப்பதும், மிளகாய் வறுப்பதும், சம்பால் கிண்டுவதும், இறைச்சி கழுவுவதும் பின்னால் உள்ள ஈரச் சமையலறையில்.

இதில் நியாயம் இல்லாமலில்லை. தமிழர், மலாய்க்காரர், சீனர் ஆகிய மூவரின் சமையலும் பெருந்தீயும் பெருநெடியும் கொண்டது. தாளிதத்தின் எண்ணெய்ப் புகை, கூடத்துத் திரைச்சீலையில் ஒட்டினால் போகாது. நடுமேடையில் அடுப்பு வைத்தால் அதற்கு மேல் கூரையிலிருந்து தொங்கும் புகைபோக்கி வேண்டும்; சுவரின் துணையில்லாததால் அது அடுப்பை விட அகலமாகவும் அதிக உறிஞ்சுவிசை கொண்டதாகவும் இருக்க வேண்டும்.

வாஸ்து பார்ப்பவர்களுக்கும் இரட்டைச் சமையலறை ஒரு சமரசம். அக்கினி மூலையான தென்கிழக்கில் அடுப்பு, நடுவில் பிரம்மத்தானம் வெறுமையாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. பழைய வீடுகளில் நடுவில் வானம் பார்த்த முற்றம் இருந்தது. காற்றும் வெளிச்சமும் அங்கிருந்துதான் வந்தன. இன்றைய வடிவமைப்பாளர்கள் அடுப்பை ஈரச் சமையலறையின் தென்கிழக்கிலேயே விட்டுவிட்டு, நடுமேடையை நறுக்கவும் பரிமாறவும் மட்டும் வைத்துச் சமாளிக்கிறார்கள்.

ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. நடுமேடைக்கு முன்னால் நிற்பவர் யார்? ஈரச் சமையலறைக்குள் நிற்பவர் யார்? வசதியான பல வீடுகளில் இரண்டாவது இடத்தில் நிற்பவர் அயல்நாட்டிலிருந்து வந்த பணிப்பெண். குளிர்சாதனம் முன்னறையில், வெக்கை பின்னறையில். சமைப்பவரைக் குடும்பத்தின் முகம் பார்க்க வைக்கத் தோன்றிய நடுமேடை, சமைப்பவர் நிற்காத இடமாகிவிட்டது. பின்கட்டு ஒழியவில்லை; அதில் நிற்கும் ஆள்தான் மாறியிருக்கிறார்.

நூறு ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து வந்து, அடுத்தவர் நிலத்தில் அடுப்பு மூட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது புரியாத வேதனையாக இருக்க முடியாது. 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம், 'வீட்டு வேலைக்காரர்' என்ற பழைய சொல்லை நீக்கி 'வீட்டுப் பணியாளர்' என்று மாற்றியது. சொல் மாறியது நல்லதே. அவர் நிற்கும் அறைக்கு ஒரு சன்னலும் மின்விசிறியும் வைக்கச் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வரைபடம் போடும்போதே வைத்துவிடலாம்.

அளவுகள் சொல்லும் பாடம்

நடுமேடை வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் முதலில் செய்ய வேண்டியது கல் தேர்ந்தெடுப்பதன்று; இடத்தை அளப்பது. சுவரோரக் கேபினட்டுக்கு 60 சென்டிமீட்டர், நடமாட 110, மேடைக்கு 90, மறுபக்கம் நடமாட 110, அங்கும் கேபினட் இருந்தால் இன்னும் 60. மொத்தம் 430 சென்டிமீட்டர், அதாவது சுமார் 14 அடி அகலம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் சமைப்பதாக இருந்தால் நடைவழியை 120 சென்டிமீட்டராக்க வேண்டும். இந்த அகலம் இல்லாத இடத்தில் மேடையை நடுவில் திணித்தால், அவசரகாலத்து வேலியைப் போல அதைச் சுற்றியே வாழ்நாள் கழியும்.

வேலை முக்கோணத்தின் மூன்று பக்கங்களும் சேர்ந்து 4 மீட்டருக்குக் குறையாமலும் 8 மீட்டருக்கு மேற்போகாமலும் இருப்பது நல்லது. அந்தப் பாதையை மேடை குறுக்கே மறிக்கக் கூடாது. மிகப் பெரிய வீடுகளில் நேரும் தவறு இதுதான்: அறை பெரிதாக இருக்கிறதே என்று குளிர்பதனப் பெட்டி ஒரு கோடியிலும் தொட்டி மறு கோடியிலும் போய்விடும். கேத்தரின் பீச்சர் கப்பலைப் பார்த்துக் கற்ற பாடம் பங்களாவில் மறந்து போகிறது.

உயரம் பொதுவாக 90 சென்டிமீட்டர். ஆனால் பொது அளவு பாட்டிக்குப் பொருந்தாது. முழங்கையை மடக்கி நின்று, அதற்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே மேடை இருந்தால் தோள் வலிக்காது. சப்பாத்தி மாவு பிசைய இன்னும் சற்றுத் தாழ்வாக வேண்டும். மேடையின் ஒரு பகுதியை 75 சென்டிமீட்டர் உயரத்தில், சாதாரண நாற்காலி போட்டு உட்காரும்படி அமைத்தால், முதியவர்களும் தீபாவளிக்கு முறுக்குப் பிழியும்போது கூட்டத்தோடு உட்கார முடியும். உயரமான ஸ்டூல் ஏற முடியாத ஒருவரை வீட்டின் நடுவிலிருந்து ஒதுக்கி வைக்கும் மேடை, குடும்ப மேடையாகாது. உட்காரும் பக்கத்தில் காலுக்கு 30 சென்டிமீட்டருக்குக் குறையாத இடைவெளியும், ஆளுக்கு 60 சென்டிமீட்டர் அகலமும் தேவை.

மேடைக்குள் வரும் மின்கம்பி, தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய் எல்லாம் தரைக்கு ஓடு பதிப்பதற்கு முன்பே போட்டாக வேண்டும். மின்காந்த அடுப்பு வைப்பதானால் அதற்குத் தனி மின்கம்பி வேண்டும். பிறகு யோசிக்கலாம் என்று விட்டால், புது ஓட்டை உடைப்பதைத் தவிர வேறு வழியிருக்காது.

கல்லில் கலந்த மூச்சு

கடைசியாக, பெருமையோடு எல்லோரும் தடவிப் பார்க்கும் அந்தக் கல். அம்மியும் கல்தான், இதுவும் கல்தான். கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரங்களின் கிரானைட் உலகெங்கும் சமையல் மேடைகளாகிறது. ஆனால் அண்மைக் காலத்தில் பலரும் விரும்புவது இயற்கைக் கல்லை அன்று. குவார்ட்ஸ் தூளைப் பிசினோடு கலந்து அழுத்திச் செய்யப்படும் செயற்கைக் கல்லை. கறை பிடிக்காது, ஒரே சீரான நிறம்.

வழக்கமான செயற்கைக் கல்லில் 90 விழுக்காட்டுக்கு மேல் சிலிக்கா இருக்கும். வீட்டில் பொருத்திய பின் அதனால் ஆபத்தில்லை. அதை உலர்வாக அறுத்து, துளையிட்டு, மெருகேற்றும்போது பறக்கும் நுண்தூசிதான் எமன். அது நுரையீரலில் படிந்து 'சிலிகோசிஸ்' என்ற தீராத நோயைத் தருகிறது. 2012இல் இஸ்ரேலில் இதுபற்றிய மருத்துவ ஆய்வு வெளிவந்தது. பின்னர் ஸ்பெயினிலும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இளவயதுத் தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டது தெரிய வந்தது. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து ஆஸ்திரேலியா இந்தக் கல்லைத் தயாரிக்கவும் விற்கவும் பொருத்தவும் தடை விதித்தது. உலகிலேயே முதலில் தடை செய்த நாடு அதுதான்.

மலேசியாவில் 1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 ஜூன் முதல் தேதியிலிருந்து ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரிவாக்கப்பட்டுள்ளது. தொழிற்பட்டறைகள் நிறைந்த ஸ்ரீ கெம்பாங்கான், பாலாக்கோங் வட்டாரத்துக்கு இது முக்கியமான செய்தி. ஆயினும் சட்டம் எல்லாப் பட்டறைக்குள்ளும் எட்டிப் பார்க்க முடியாது. மேடைக்கு ஆர்டர் கொடுப்பவர் ஒரு கேள்வி கேட்கலாம்: கல்லைத் தண்ணீர் பாய்ச்சி அறுக்கிறீர்களா, அறுப்பவருக்கு முறையான சுவாசக் கவசம் உண்டா? வீட்டுக்கு வந்து நின்றபடியே வெட்டிப் பொருத்துகிறோம் என்பவரிடம் வேண்டாம் என்று சொல்லலாம். வாடிக்கையாளர் கேட்காத வரை பட்டறை முதலாளி கவலைப்படப் போவதில்லை.

புதுமனை புகும் நாளில் பால் காய்ச்சுவது தமிழர் வழக்கம். உலர் சமையலறையில் காய்ச்சுவதா, ஈரச் சமையலறையில் காய்ச்சுவதா என்று இப்போது சில வீடுகளில் கேட்கிறார்கள். நாள்தோறும் சோறு பொங்கப் போகும் அடுப்பு எதுவோ அதில் காய்ச்சுவதே முறை. அந்த அடுப்படிக்குக் காற்று வருகிறதா, வெளிச்சம் இருக்கிறதா, அங்கே நிற்பவர் சற்று உட்கார ஒரு முக்காலி இருக்கிறதா என்பதை அன்றைக்கே வீட்டார் எல்லோரும் பார்த்துவிடலாம்.